வெளுத்த இடம்

முதலில் வினிகர் நெடி.
எனக்கா தெரியாது அது?
ரீகா சந்தையில், பழைய ஆகாயக்கப்பல் கொட்டகைக்குள்
இருபத்தாறு வருடமாக வெள்ளரி ஊறப்போடுகிறவள்.
கால்களை அகட்டிக் கிடந்தபடியே சொன்னேன்:
"டாக்டர், இது நூற்றுக்கு ஐந்து.
என் ஜாடிகளுக்கும் அதே அளவுதான்."
முழங்கால்களுக்கு நடுவே
அவர் நெற்றி மட்டும் சிரித்தது.

ஒரு நிமிடம் பொறுக்கச் சொன்னார்.
கெட்டது வெளுக்குமாம்.
பிறகு அயோடின். இப்போது கணக்கு தலைகீழ்:
நல்ல தோல் பழுப்பேறும்,
கெட்டது சாயம் ஒட்டாமல் மஞ்சளாய் நிற்கும்.
திரையைத் திருப்பிக் காட்டினார்.
உப்பு பிடிக்காத முட்டைக்கோஸ் நறுக்கு மாதிரி
இரண்டு.
ஒன்று சுவரில், வெளிச்சத்தில்.
இன்னொன்று மேலே, மூலையில்,
ஒன்பது வருடத்துக்கு முன் கருப்பையை எடுத்துவிட்டுத் தைத்த
தையலின் மடிப்பில் முகம் புதைத்து.

கருப்பையோடு கதை முடிந்தது என்றிருந்தேன்.
காலி வீட்டில் யார் வந்து கதவைத் தட்டுவார்கள்?

"புற்று இல்லை, வெல்டா. புற்றுக்கு முந்தையது.
விட்டுவைத்தால் ஏறலாம். ஏறாமலும் போகலாம்.
ஏறுமா என்று உட்கார்ந்து பார்க்க
எனக்கு இஷ்டமில்லை."

டாக்டர் ஸ்மைட்ரா அதை யோனி என்றார்.
தெருவின் பெயரைச் சொல்வது போல,
குரலைத் தாழ்த்தாமல்.
என் அம்மா 'கீழே' என்பாள்.
பிரசவ வார்டில் தாதி 'அங்கே' என்றாள்.
செத்துப்போன புருஷன் பெயரே வைக்கவில்லை,
விளக்கை அணைத்தான்.
ஐம்பத்தெட்டு வயதில்
என் உடம்பின் ஒரு இடத்துக்கு
எனக்கு முகவரி கிடைத்தது.

சுவரில் இருந்ததை லேசரால் தீய்ப்பார்கள்.
மூலையில் இருப்பதற்குக் கத்திதான்.
மடிப்புக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று
ஒளிக்குத் தெரியாது;
எரித்துவிட்டால்
சாம்பலையா சோதனைக்கு அனுப்புவது?
முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல்,
இடையில் வெங்காயச் சருகு போல ஒரு சுவர்.
அதில்தான் அவர் செதுக்க வேண்டும்.
நான் மயக்கத்தில் இருந்தேன்.
எனக்கு வேலை ஒன்றுமில்லை.

விழித்தபோது உள்ளே ஒரு சுருள் துணி,
ஒரு சிறுநீர்க் குழாய்,
ஜன்னலில் பனி கலந்த மழை.
எவ்வளவு போயிற்று என்று கேட்டேன்.
இரண்டு விரல் அகலம் குறையும் என்றார்கள்.
குறையட்டும்.
ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது.
இன்னொன்றும் கூடாது.
அதைச் சொல்லும்போது செவிலி என் மோதிர விரலைப் பார்த்தாள்.
மோதிரம் இல்லை. குன்வால்டிஸ் இருக்கிறான்.

குன்வால்டிஸ் பக்கத்துக் கடை.
தாடையில்லாத ஆற்றுமீனைப் புகைபோட்டு விற்கிறான்;
அவனும் அதிகம் வாய் திறப்பதில்லை.
ஞாயிறு இரவுகளில் என் படிக்கட்டில்
அவனுக்கு முன் அவன் புகை வாசனை ஏறி வரும்.
பித்தப்பைக் கல் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன்.

மூன்றாம் வாரம் கடிதம் வந்தது.
விளிம்புகள் சுத்தம்.
இரண்டே சொல்.
கல்லாப்பெட்டியில், சில்லறைக்கு அடியில் வைத்தேன்.
அப்புறம், கூட்டம் கொஞ்சம் ஓய்ந்த நேரம்,
அவன் பக்கம் திரும்பி
அந்தச் சொல்லைச் சொன்னேன். முழுதாக.
மீன்மேல் இருந்த கத்தி அப்படியே நின்றது.
அரைக்கிலோ வெள்ளரிக்கு நின்ற ஒரு கிழவி
பர்ஸைத் திறந்தபடியே எங்கள் இருவரையும் பார்த்தாள்.
"வலிக்கிறதா?" என்றான் குன்வால்டிஸ்.
"உட்கார்ந்தால் கொஞ்சம்."
அன்று அவன் மூன்று பேருக்கு
மீதிச் சில்லறை தப்பாகக் கொடுத்தான்.
சாயந்திரம் என் பீப்பாய்களை
கேட்காமலே உருட்டி உள்ளே வைத்தான்.

ஏப்ரலில் மறுபடி போக வேண்டும்.
அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை,
அது திரும்பி வரும் ஜாதி என்பதால்.
வினிகர் நான் கொண்டுவரட்டுமா,
வெந்தயக்கீரை போட்டது, என்று
ஆஸ்பத்திரிக்கு போன் செய்து கேட்டேன்.
வேண்டாமாம்.
வெள்ளரி மட்டும் கொண்டுவரலாமாம்.