சமதரை

பன்னிரண்டு மணிக்கு என்ற ரிப்போர்ட்டை
இரண்டரைக்கு என்றார்கள்.
ஆஸ்பத்திரிக் கதிரையில் இருக்க மனமில்லை.
"வா, குளத்தச் சுத்திட்டு வருவம்" என்றாள் மரியபுஷ்பம்,
கடைக்குப் போய்த் தீப்பெட்டி வாங்குவம் என்கிற மாதிரி.

பாதை தட்டையாக இருந்தது.
இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம்.
இருபத்தாறு வருஷம் மலையில் நின்ற கால்
ஒவ்வோர் அடிக்கும் ஒரு சரிவை எதிர்பார்த்தது.
இல்லாத படியில் இறங்கினவள் மாதிரி
துணுக்கென்றது உடம்பு.
செருப்புக்குள் கட்டைவிரல்
எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடியது.
கூடை இல்லாத முதுகைக்
காற்று நேரே தொட்டது.
"என்னா புள்ள, குடிச்சவ மாதிரி நடக்குற?"
அவளும் அப்படித்தான் நடந்தாள்.

பங்குனி பிறந்து நாலு நாள்.
மாசிப் பனி கருக்கிய புல்
இன்னும் தேயிலைத்தூள் நிறத்தில் கிடக்க
அடியில் ஊசி ஊசியாய்ப் பச்சை.
வசந்தம் நகரசபை லொறியில் வந்து
இறங்கிக்கொண்டிருந்தது,
கறுப்புப் பொலித்தீன் பைகளில்,
பைக்கு ஒரு செடி, செடிக்கு ஒரு மொட்டு.
சித்திரைக் கூட்டம் வருமுன்
பூத்தே ஆகவேண்டுமாம்.
கரைக்கல்லுக்கு வெள்ளை அடித்த பையன்
வாளியை நகர்த்தி வழி விட்டான்,
ஈரம், பார்த்துப் போங்க என்று சிங்களத்தில்.
அப்படியும் மரியபுஷ்பத்தின் சேலைக்கரையில்
ஒரு விரல் அகலம் வெள்ளை.

உள்பக்கம் நடக்க டிக்கெட்.
நாங்கள் வேலிக்கு வெளியே,
பதுளை பஸ் விட்ட புகையோடு.
கம்பிக்குக் கம்பி வெட்டி வெட்டித் தெரிந்தாலும்
குளம் அதே குளம்தான்.
அன்னப்படகுகள் ஒரே கயிற்றில்
ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன.
ஒன்றுக்கு அலகு உடைந்திருந்தது.
சவாரி இல்லாத மட்டக்குதிரை
கண்ணை மூடி நின்றது.
அதன் விலாவில் வார் இழுத்த இடத்தில்
மயிர் முளைக்காத ஒரு கோடு.
மரியபுஷ்பம் தன் நெற்றியைத்
தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கொழும்புப் பிள்ளைகள் இரண்டு பேர்
போனை நீட்டி, ஒரு படம் எடுங்க என்றார்கள்.
அந்தக் கண்ணாடி என் விரலை
விரலென்று ஏற்கவில்லை.
காய்ச்ச விரல், கறை ஏறிய விரல்.
அழுத்தினேன், துடைத்து அழுத்தினேன்.
கடைசியில் சுண்டுவிரலுக்குச் சம்மதித்தது.
"மலையெல்லாம் வடிவா விழுந்திருக்கு" என்றாள் அந்தப் பிள்ளை.
"சுத்தி வர ஒரு மணித்தியாலம்தான்,
லேசான நடை" என்றான் அவன்.
நாங்கள் தலையாட்டினோம்.

அந்தக் கரையில் ஆள் இல்லை.
மரக்கறித் தோட்டத்து மண் கரைந்து வந்து
தண்ணீர் பால் ஊற்றின தேத்தண்ணி நிறம்.
நீலக்கோழி ஒன்று
மிதக்கிற இலைகளில் கால் மாற்றி மாற்றி,
கீழே ஆழம் இருப்பதே தெரியாதது போல.
மதில்கட்டில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தோம்.
சம்பலில் உறைப்புக் கூடிப்போயிருந்தது.
ஒரு பேர் போய்விட்டது இன்றைக்கு,
ரெண்டு பேருக்கும் என்று கணக்குப் பார்த்தாள்.
கடலையளவு இருந்த அதைப் பற்றி
அவள் கேட்கவில்லை.
நான் சொல்லவில்லை.
முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்,
குளிர் என்று.

"திரும்பிருவமா?" என்றேன்.
அவள் வந்த பக்கம் பார்த்தாள்,
போகிற பக்கம் பார்த்தாள்.
"இப்ப திரும்பினாலும் அம்புட்டுத்தான்,
போனாலும் அம்புட்டுத்தான்."
விரலை நக்கிவிட்டு எழுந்தாள்.

சுற்றி முடித்தபோது
பையன் நாற்பது கல் தள்ளி இருந்தான்.
முதல் கல்லைத் தொட்டுப் பார்த்தேன்,
காய்ந்திருந்தது.
லொறி போய்விட்டது.
செடிகள் இன்னும் பைக்குள்ளேயே
வரிசையாகக் காத்திருந்தன.

ஆஸ்பத்திரிக்கு ஏத்தம்.
முதல் வளைவிலேயே கால்
தன் நடையைக் கண்டுபிடித்துவிட்டது.
கட்டைவிரல் ஊன்றியது, முதுகு தானாய் முன்னே சாய்ந்தது.
"மெல்லப் போடி" என்று
பின்னாலிருந்து மரியபுஷ்பம் கத்தினாள்.
மணி இரண்டே காலும் ஆகவில்லை.