பதினேழாம் நம்பர் பெட்

முதலில் ஒரு திருத்தம்.
அவளை நாங்கள் ஆயா என்று கூப்பிட்டதில்லை.
லிங்கராஜபுரத்தில் எங்கள் சந்து முழுக்க
அப்பாவைப் பெற்றவள் என்றால் ஆயாதான்.
"வார்டுல ஆயா வேற, நர்ஸ் வேற.
முப்பத்தாறு வருஷம் நான் நர்ஸு" என்றாள்.
ரிட்டையரான பிறகும், பேரப்பிள்ளைகள் ஆறு பேருக்கும்
சிஸ்டர் சலேத் மேரி.

கையைப் பிடித்தால்
பாசமா நாடியா என்று தெரியாது.
பார்வை சுவர்க் கடிகாரத்துக்குப் போனால் நாடி.
பி.யூ.சி.யில் நான் தோற்ற அன்று
வெகுநேரம் பிடித்திருந்தாள்.
எங்கே பார்த்தாள் என்று
நான்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கண்ணாடி சிரிஞ்சு கொதித்த எவர்சில்வர் டப்பாவில்
பிற்பாடு முட்டை வெந்தது.
விரிப்பின் மூலையைக் கடித உறை போல மடிக்காதவன்
அதில் படுக்கக் கூடாது.
ஞாயிறு தமிழ்ப் பூசையில்
நற்கருணைக்கு நாக்கை நீட்டும் முன்
சாமியாரின் நகத்தைப் பார்ப்பாள்.
பிரசங்கம் கால் மணி தாண்டினால்
நெஞ்சில் தலைகீழாகக் குத்திய கடிகாரத்தைத்
தூக்கிப் பார்ப்பாள், முதல் பெஞ்சிலிருந்து,
அவர் கண்ணில் படும்படி.
செப்டம்பர் பிறந்தால் காவிச் சேலை.
காக்ஸ் டவுன் தாண்டி, கோல்ஸ் பார்க் தாண்டி,
சிவாஜிநகர் மாதா கோவிலுக்கு வெறுங்காலோடு நடை;
சர்க்கரை இருக்கிறவங்க செருப்பில்லாமல் நடக்கலாமா என்று
வழியெல்லாம் மற்றவர்களைத் திட்டிக்கொண்டு.
அவளுக்கு இருநூற்று நாற்பது.

ராத்திரி எட்டரைக்குச் செபமாலை.
ஒவ்வொரு தேவரகசியத்துக்கும் முன் கருத்துச் சொல்வாள்:
பாப்பரசருக்காக.
மழைக்காக.
பெனடிக்ட் மாமா கடனைத் திருப்பித் தரும்படியாக.
ஐந்தாவதற்கு மட்டும் எண்கள்.
"நாலாம் நம்பர் பெட். பதினொண்ணு. இருபத்திரெண்டு."
ஒரு மூச்சு விட்டு,
"பதினேழு."
லாட்டரி என்று ரோஷன் காதில் ஊதுவான்.
எனக்கு அருள் நிறைந்த மரியே
விக்கலில் போய் முடியும்.

பேரெல்லாம் மறந்துபோச்சாம்.
கட்டில்தான் நினைவிருக்காம்.
அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டு போனவர்,
முனீஸ்வரனைத் திட்டிக்கொண்டு போனவர்,
யாரையும் கூப்பிடாமல் போன ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்.
"மாதாவுக்கு வார்டு தெரியும்டா.
நம்பர் சொன்னால் போதும்."

பதினேழு யார் என்று ஒரே ஒரு தடவை கேட்டேன்.
டிசம்பர். ஊறவைத்த அவரையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள்.
"நைட் டியூட்டி. தூங்கிட்டேன்."
பருப்பு நாலைந்து வழுக்கித் தட்டில் விழுந்தது.
"இருபது நிமிஷம்."
பிறகு,
"போய் ஸ்வெட்டர் போடு."

அவளைக் கிடத்திய கட்டிலின் எண் ஒன்பது.
மிசோரமோ மணிப்பூரோ, சின்னப் பெண்ணாக ஒரு நர்ஸ்,
ஊசியை இரண்டு தடவை தவறவிட்டு
அழுதுவிடுவாள் போல நின்றாள்.
கண்ணைத் திறக்காமலே
மறுகையால் அந்தப் பெண்ணின் விரலை எடுத்து
நரம்பின் மேல் வைத்தாள் சிஸ்டர்.
எந்த மொழியும் தேவைப்படவில்லை.

விடியற்காலை நாலு மணி இருக்கும் என்றார்கள்.
இருக்கும்.
பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன்.
தூங்கியிருந்தேன்.
எத்தனை நிமிஷம் என்று
சொல்ல எனக்குக் கணக்கில்லை.

கல்பள்ளியில் மண் போட்டு வந்த இரவு
அப்பா ஆரம்பித்தார் செபமாலையை.
பாப்பரசர் வந்தார், மழை வந்தது,
பெனடிக்ட் மாமா எங்களோடே முழந்தாளில் இருந்தபடியால்
அந்தக் கருத்து மட்டும் விடுபட்டது.
ஐந்தாவதில் அப்பா நின்றுவிட்டார்.
வெளியே யாரோ ஸ்கூட்டரை
உதைத்துக்கொண்டே இருந்தார்கள்; பிடிக்கவில்லை.
ரோஷன் சொன்னான், தரையைப் பார்த்தபடி:
நாலு. பதினொண்ணு. இருபத்திரெண்டு.
எனக்காக நிறுத்தினான்.

பதினேழு, என்றேன்.
ஒன்பதுக்கு வாய் வரவில்லை.