காலி எடை

சூளகிரிக்கு இந்தப் பக்கம், பெட்ரோல் பங்கை ஒட்டி
அறுபது டன் எடைமேடை.
இரவுப் பணி எனக்கு.
கண்ணாடிக் கூண்டு, கம்ப்யூட்டர், ரசீது துப்பும் மெஷின்,
மேஜை இழுப்பறையில்
காவேரிப்பட்டணத்து நிப்பட்டு.

லாரி ஏறும். நிற்கும்.
முழு எடை, காலி எடை, கழித்தால் சரக்கு.
பர்கூர்க் கல்லோ ராயக்கோட்டைத் தக்காளியோ
மூன்றே எண்தான்.
திருட்டெல்லாம் காலி எடையில்தான்:
கிளீனரைத் தார்ப்பாய்க்குள் படுக்கவைத்து
காலி வண்டி என்பான் ஒருவன்.
"இறங்கச் சொல்லுப்பா" என்பேன் மைக்கில்.
தார்ப்பாய் சிரிக்கும்.

என் காலி எடை
எனக்குத் தெரியாது.

அம்மாவின் தொடைகள் எனக்கு.
அம்மாவுக்கு, பேரிகையில் என்றோ செத்த
யாரோ ஒரு கெம்பம்மாவின் தொடைகளாம்.
தம்பி மாதேசுக்கு அப்பாவின் எலும்பு.
ஒரே சட்டிக் களி, ஒரே கொள்ளுச் சாறு;
எனக்கு இரண்டு உருண்டை, அவனுக்கு நான்கு.
பெல்ட் இல்லாமல் அவன் பேண்ட்
இன்றும் நிற்காது.

"மனசு வெச்சா முடியும் முனிரத்னா" என்பார் முதலாளி.
சொல்லிவிட்டு ஒரு சிட்டிகைப் புகையிலையை
உதட்டுக்குள் ஒதுக்குவார்.
பதினெட்டு வருசமாய்
நாளையிலிருந்து விடுகிறார்.

வைத்தேன் மனசு.
ஐந்து மாதம் வெள்ளரிக்காய், மோர்,
விடியுமுன் சர்வீஸ் ரோட்டில் நாய்களோடு நடை.
பதினொரு கிலோ போனது.
"கல்யாணமா?" என்றார்கள்.
அடுத்த ஆறு மாதத்தில்
பதினான்காய் வந்தது, வட்டியோடு.
"என்னாச்சு?" என்றார்கள், அதே ஆட்கள்.

கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில்
ஒரு சின்ன டாக்டரம்மா
சீட்டின் பின்புறம் முறுக்கிய ஏணி ஒன்று வரைந்தாள்.
"உங்க உடம்பு சிக்கனம்ங்க.
பசியைக் கொஞ்சம் சத்தமா வேற வெச்சிருக்கு."
அப்போ என் தப்பில்லையா?
"தப்புன்னு நான் சொல்லலியே."
அப்போ நான் ஒண்ணும் செய்ய வேண்டாமா?
அதற்கும் அவள் ஆமாம் சொல்லவில்லை.
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான்
அம்மா மூன்று சென்ட் வாங்கினாள்.
இந்த உடம்பும் அவளைப் போலத்தான்,
போட்டதை எடுக்க விடாது.
எந்தப் பஞ்சத்துக்கோ சேர்க்கிறது.
எதிரில் தாபா, இரவெல்லாம் பரோட்டா தட்டும் சத்தம்.
பஞ்சம் முடிந்ததென்று
அதற்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டே முக்காலுக்கு வருவது பசி இல்லை.
பசியை எனக்குத் தெரியும், அது வயிற்றில் இருக்கும்.
இது காதில் இருக்கிறது:
மூடிய இழுப்பறைக்குள்
பாக்கெட் லேசாய்ப் புரண்டு படுப்பதுபோல.
கை போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.
தடுக்க வரும் கையும் என் கைதான்.
அதற்கும் உப்பும் உறைப்பும் பிடிக்கும்.

நேற்று, வண்டியே இல்லாத நேரம்,
செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினேன்.
ஏன் கழற்றினேனோ.
இருபது இருபதாய்த்தான் இதற்கு எண்ணத் தெரியும்,
இடையில் இருப்பதெல்லாம் தூசி.
80.
100.
80.
சிவப்பு எண் என்னைப் பற்றி
முடிவெடுக்க முடியாமல் துடித்தது.
போன பதினொன்றும் வந்த பதினான்கும்
அதன் கணக்கிலேயே இல்லை.

அம்மாவைக் கழி. கெம்பம்மாவைக் கழி.
தாபாவை, இரவுப் பணியை,
தட்டில் மிச்சம் வைத்தால் விழுந்த அடியைக் கழி.
மிச்சம் எவ்வளவோ
அதற்கு மட்டும் நான் ரசீது போடுகிறேன்.

ஹாரன்.
"அக்கா, நீங்க எறங்குனா நான் ஏறுவேன்."
தார்ப்பாய்க்குள் இருப்பவள் மாதிரி
சிரித்துக்கொண்டே இறங்கினேன்.
அவனுக்குக் காலி எடை போட்டு அனுப்பினேன்.

பாக்கெட்டில் நான்கு இருந்தன.
ஒன்றைத் தின்று, மூன்றை ரப்பர் போட்டு
இழுப்பறையை மூடினேன்.
வெற்றி என்று சொல்ல மாட்டேன்.
மணி
மூன்றுதான் ஆகிறது.