மயிரிழைப் பச்சை

கொண்டித்தோப்பு எக்ஸ்சேஞ்ச், இரண்டாவது மாடி.
வெளியே வெயில் தார்ச்சாலையை இளக்கும்போதும்
உள்ளே இருபத்திரண்டு டிகிரி.
செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டும்.
பக்தியில்லை, தூசி.

கீழே, சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால்
சிமெண்ட் மூடிக்கு அடியில் குழி.
கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி
நடுவில் ஒரு செம்புத் தகட்டைப்
புதைத்திருக்கிறார்கள், நான் வேலைக்கு வருமுன்பே.
சித்திரையில் அதற்கும் தொண்டை வறளும்.
வாரம் இரண்டு குடம் என்பது விதி.
லாரி வராத வாரங்களில்
ஏ.சி. குழாய் சொட்டுவதை வாளியில் பிடித்து
நானே ஊற்றியிருக்கிறேன்.
அறையின் வியர்வை அறையின் வேருக்கு.

மெக்கரின் முள் புள்ளி எட்டில் நிற்கும்.
ஒரு ஓமுக்குக் கீழே.
பதிவேட்டில் நான் போட்ட கையெழுத்து
பொய்யில்லை,
இன்றைக்கும் எந்தக் கோயிலிலும் சொல்வேன்.

புரட்டாசியில் ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்றார்கள்.
மூன்றே நாளில்
கட்டடத்துக்கு மாப்பிள்ளைக் களை.
ஏணி, கம்பிவலை, தீயணைப்பு வாளி,
சுவரோரம் ஓடும் செம்புப் பட்டை,
ஒன்றையும் விடவில்லை.
பெயிண்டர் துளசிங்கம் கைதேர்ந்தவர்.
ஒரு சொட்டு தரையில் சிந்தவில்லை.
"எர்த்துன்னா பச்சைதானே சார்"
என்று கேட்டுக்கொண்டே
ரேக்கிலிருந்து வரும் ஒயர்களின் லக்கை
ஒவ்வொன்றாகக் கழற்றி
அடியிலும் பூசி
காயவைத்து
மறுபடி முடுக்கினார்.
அரைகுறை ஆளாக இருந்திருந்தால்
மேலாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போயிருப்பார்.
பிழைத்திருப்போம்.

நான் அன்று விடுப்பு. அல்லது டீ குடிக்கப் போயிருந்தேன்.
மெமோவில் விடுப்பு என்றுதான் இருக்கிறது.

ஐப்பசி, அதிகாலை இரண்டு பத்து.
எங்கள் கோபுரத்தில்கூட இல்லை,
தங்கசாலைப் பக்கம் எங்கோ விழுந்த இடி
கேபிளைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தது.
பட்டை மண்ணோடு இருந்தது.
ரேக் தன்னோடு இருந்தது.
நடுவே மயிரிழை கனத்தில் பச்சை.

பதினொரு கார்டுகள்.
கருகிய வாடை மூன்று நாள் சட்டையை விடவில்லை.
ஒரு பிரசவ ஆஸ்பத்திரி,
நான்கு லாரி புக்கிங் ஆபீஸ்,
வால்டாக்ஸ் ரோடு முழுக்க
காதில் வைத்தால் கிணற்று மௌனம்.

குழியைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்கள்.
முள் அதே புள்ளி எட்டு.
மண்ணின்மேல் பழி போடுவது சுலபம்,
அது திருப்பிப் பேசாது.

ரஹ்மத்தான் கண்டுபிடித்தாள்.
நகத்தால் லக்கின் விளிம்பைக் கீறிப் பார்த்து
பேசாமல் எமரித் தாளை நீட்டினாள்.
இரவெல்லாம் சுரண்டினோம்.
பச்சை உதிர உதிர
அடியில் சிவந்த செம்பு,
சோப்புப் போட்டுக் கழுவிய குழந்தை முகம் மாதிரி.

மின்னலைக் கீழே அனுப்புவதுதான் எர்த் என்பார்கள்.
அது பாதி.
மண்ணே சில நேரம் ஆயிரம் வோல்ட் எழும்பும்.
அப்போது ரேக்கும் பட்டையும் ஏணியும் கதவுச்சட்டமும்
ஒரே கயிற்றில் கட்டின படகுகளாக
ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால்
யாருக்கும் ஒன்றுமில்லை.
தனியாக நின்றதற்கும் பக்கத்தில் நின்றதற்கும்
இடையில்தான் பொறி.
இதை மெமோவுக்குப் பதிலாக எழுதினேன்.
"விளக்கம் ஏற்கப்படவில்லை" என்று வந்தது.

பில் பாக்கி கேட்டு வந்தார் துளசிங்கம்.
காரணம் அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.
போகிறவர் நின்று
சுரண்டிய இடங்களைப் பார்த்தார்.
"அசிங்கமா இருக்கே சார், ஒரு கை போட்டுடவா?"

வேண்டாம், விடுங்கள்.
கதவிடுக்கில் நுழையும் காசிமேட்டுக் காற்று
தானே பூசும் ஒரு பச்சை.
அதைச் சுரண்டத்தான்
எனக்குச் சம்பளம்.