முந்நூறு மரம்

மூணரைக்கு ஹெட்லைட்டை நெற்றியில் கட்டும்போதே
கீழுதடு தானாகப் பிளந்து நின்றது,
இரை கேட்கும் குஞ்சு மாதிரி.
பதினேழு வருசப் பழக்கம் அதுக்கு:
வெளிச்சம் எரிந்தால் போயிலை வரணும்.
அன்று வெளிச்சம் மட்டும் வந்தது.

குலசேகரம் தாண்டி, களியல் ரோட்டின் மேட்டில்
எனக்க பங்கு நாளைக்கு முந்நூறு மரம்.
முதல் மரத்தில் சொன்னேன், இந்த மரம் முடியட்டும்.
ரெண்டாவதிலும் அதையே.
எழுபதில் தலை வலிக்கத் தொடங்கியது.
நூற்றிப் பத்தில் விரல் நடுங்கி
கத்தி தடி வரை இறங்கிவிட்டது,
பால் வழி தப்பிச் சிரட்டைக்கு வெளியே ஒழுகியது.
காயத்தில் மண் அப்பினேன்.
சூப்பர்வைசர் வின்சிலாஸ் பார்ப்பான். பார்க்கட்டும்.

நாக்குதான் பெரிய ஏமாளி.
ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவே அந்தப் பழைய குழிக்கு
நிமிசத்துக்கு ஒருதடவை போய்
ஆளில்லாத வீட்டைத் தட்டிவிட்டுத் திரும்புகிறது.
அங்கே ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது.
தக்கலை ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் பெண்
கண்ணாடிக் குச்சியை உள்ளே விட்டுக் காட்டினாள்.
உறைந்த ரப்பர் பால் போல இருந்தது.
“விட்டா மாறலாம்” என்றாள்.
அந்த ‘லாம்’ தான்
வீடு வரை பஸ்ஸில் எனக்கப் பக்கத்தில் இருந்து வந்தது.

ரெண்டாம் நாள்
அரம் எங்கே என்று லில்லிபாயிடம் கத்தினேன்.
அரம் எனக்க இடுப்பில் இருந்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சாளைக் குழம்பில் காந்தாரி மிளகை
எண்ணாமல் அரைத்துவிட்டாள்.
வாய் எரிந்து கண்ணீர் வந்தது;
அந்தச் சாக்கில் மிச்சத்தையும் அழுது முடித்தேன்.

வயிறும் பிணங்கியது.
போயிலை இல்லாமல் காலையில் அது அசையாது என்பதை
ஒருத்தரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.
பாளையங்கோட்டன் பழம் நாலு தின்று
கக்கூசில் குத்தவைத்திருந்தேன்.
வெளியே வில்பிரட்,
“லேய், ஒண்ணே ஒண்ணு வைப்போம், வா மக்கா” என்கிறான்.
அவன் போகும் வரை
கதவுக்குள் இருந்து தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

மூணாம் நாள் மழை.
மழையில் வெட்டு இல்லை, எண்ண மரமும் இல்லை.
ஒரு முழுப் பகலை என்ன சொல்லித் தள்ளுவது?
மாறாமலைத் தோட்டத்தில் வேலைபார்க்கும் மச்சினி
கொடுத்துவிட்ட கிராம்பு ஒரு பொதி கிடந்தது.
ஒன்றை எடுத்துக் குழிக்குள் வைத்தேன்.
முதலில் தீ. பிறகு மரத்துப்போனது.
மரத்துப்போவதற்குள் மரம் இருப்பதை
அன்றுதான் பார்த்தேன்,
வேறு சோலி இல்லை அல்லவா.

சாயங்காலம் மழைக்கோட்டை உதறினேன்.
பையிலிருந்து பாதி தீர்ந்த ஒரு பொட்டலம்
காலடியில் விழுந்தது.
நான் பார்க்கும் முன்னே அதுக்க மணம்
என்னைப் பார்த்துவிட்டது.
எறியவில்லை.
எறிந்தால் எங்கே விழுந்தது என்று தெரியும்,
தெரிந்தால் ராத்திரி டார்ச்சோடு போவேன்.
சட்டைப் பையில் வைத்துக்கொண்டே படுத்தேன்.
தூங்கினேன் என்று சொன்னால் பொய்.

நாலாம் நாள் பாலை டிஷ்ஷில் ஊற்றி
ஆசிட் கலந்து, அது உறையும் முன்னே
பொட்டலத்தைத் தட்டிக் கவிழ்த்தேன்.
மறுநாள் ரோலரில் கொடுத்தபோது
ஷீட்டு நீண்டு வந்தது,
நடுவில் தவிட்டு நிறத்தில் ஒரு கூட்டம்,
பாலில் விழுந்து செத்த எறும்புகள் போல.
கடைக்காரர் இதை ஒட்டுப்பால் விலைக்குத்தான் எடுப்பார்.

லில்லிபாய் கயிற்றில் விரித்துப் பார்த்து
“இது என்னது கிடக்கு?” என்றாள்.
“குப்பை” என்றேன்.
குனிந்து மணந்தாள்.
என்னை ஒருதரம் பார்த்தாள்.
பிறகு ஷீட்டை மறுபுறம் திருப்பிப் போட்டாள்.

நாளைக்கும் மூணரை.
கிராம்பு ஏழு மிச்சம்.
முதல் மரம் எங்கே நிற்கிறது என்று
லைட் இல்லாமலும் எனக்குத் தெரியும்.