சைக்கிள் சங்கிலி ஊறிய பானை

முதல் சேறு எங்களை ஏமாற்றியது.
பானி ஆற்றங்கரையில், பாலத்துக்குத் தோண்டிய குழியிலிருந்து
நானும் நியெலேயும் தலைச்சுமையாய்க் கொண்டுவந்த
சாம்பல்நிறச் சேறு.
ங்கலாமா இலை அவித்த சாற்றில்
மூன்று முறை தோய்த்து, மூன்று வெயில் காட்டி
மஞ்சளேறிய துணிமேல்
பகல் முழுக்கப் பூசினோம்.
மாலையில் ஆற்றில் அலசினோம்.
சேறு போனது.
சேற்றோடு எல்லாம் போனது.
ஒன்றுமே நடக்காததுபோல்
துணி மஞ்சளாய்க் கிடந்தது.

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.
சிரிக்கட்டும்.
எங்கள் சந்தைக்கு வரும் சேற்றுத்துணி
எங்கோ ஓர் ஆலையில் அச்சாகி
லாரியில் வருகிறது.
நானே விற்றிருக்கிறேன், ஆறு வருடம்.
கூசாமல் சொல்லியிருக்கிறேன்:
"கையால் தீட்டியது அக்கா, முகர்ந்து பாருங்கள்."
முகர்ந்தவர்களுக்கு மண்ணெண்ணெய் வாடை அடித்திருக்கும்.
பேரம் பேசினார்களே தவிர யாரும் கேட்கவில்லை.
ஒருத்தி மட்டும்
முகர்ந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.
காசைக் கொடுத்தாள்.
துணியை எடுக்காமல் போய்விட்டாள்.

அந்தக் காசில் வாங்கியதுதான் இந்தப் பானை.

இரும்பு போதவில்லை என்றான் ஸூமானா.
மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பவன்,
துணியைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?
எங்கள் இலைச்சாறு தெறித்த அவன் ஸ்பேனர்
மறுநாள் மைக்கறுப்பாய் இருந்ததாம்.
அவ்வளவுதான் தெரியும்.
துருவேறிய சங்கிலி ஒன்றைச்
செத்த பாம்பைப்போல் தூக்கிவந்து
சேற்றுக்குள் விட்டான்.

இதெல்லாம் முறையா என்று
நியெலே மூன்று நாள் என்னோடு பேசவில்லை.
குளத்துச் சேற்றுக்கு மட்டும்
இரும்பு வானத்திலிருந்தா வந்தது என்றேன்.
நாலாம் நாள் ஒரு பூட்டோடு வந்தாள்.
முதல் புருஷன் வீட்டுப் பெட்டியில் தொங்கியதாம்.
சாவி?
"அவனிடம்" என்றாள், போட்டு மூடினாள்.

ஒரு வருடம் ஊறியது.
அடுத்த வீட்டு தாவூதா
தொழுகைக்குச் சுற்றுவழியில் போனார்.
சுவரை முட்டித் தள்ளும் ஆடுகூட
அந்தப் பக்கம் அண்டவில்லை.
தினை அறுத்து, அடித்து, பாதி தின்றும் ஆயிற்று.

திறந்தபோது சங்கிலி மெலிந்திருந்தது.
பூட்டின் வளையத்தைச் சேறு தின்றிருந்தது.
நியெலே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"இப்போ திறந்து என்ன" என்று
மறுபடி உள்ளே போட்டாள்.

உருவத்தை வரைவதல்ல எங்கள் வேலை.
உருவத்தைச் சுற்றியிருக்கும்
எல்லாவற்றையும் பூசவேண்டும்,
அதை மட்டும் தொடாமல்.
முதுகு ஒடியும். ஒரு மூலைக்கே ஒரு நாள்.
கடைசியில் அந்தத் தொடாத கோடுகளின்மேல்
காரச் சவுக்காரம் வைத்தால்
மஞ்சள் கழன்று வெளுப்பு எழும்.
ஆனால் அதற்கு முன்னால் ஆறு.

அலசினோம்.
சேறு போனது.
கறுப்பு நின்றது.
பாத்திரக்காரிகள் கையில் சாம்பலோடு எழுந்து வந்தார்கள்.
நான் அழவில்லை. குளிர்ந்த தண்ணீரில்
நெடுநேரம் நின்றால் மூக்கு ஒழுகும்.

பமாக்கோவிலிருந்து ஹோட்டல்காரர் ஒருவர் வந்தார்.
நாற்பது திரை வேண்டும், நாற்பதும் ஒன்றுபோல.
அது லாரியில் வரும் என்றேன்.
இந்தக் கோலத்துக்கு என்ன பெயர்?
"வட்டிக்காரன் திரும்பிப்போன பாதை."
இது?
"சிக்னல் கிடைக்காத சாயங்காலம்."
பழங்காலப் பெயரா?
போன வியாழக்கிழமை வைத்தது என்றாள் நியெலே.
அவர் நாலே நாலு எடுத்துக்கொண்டார்,
சொன்ன விலைக்கு.

ஐந்தாவதை நான் விற்பதாயில்லை.
சந்தையில் என் பலகைக்கடியில் மடித்து வைத்திருக்கிறேன்.
அவள் முகம் சரியாக நினைவில்லை.
பச்சைத் தலைத்துணி, இடது காதில் மட்டும் வளையம்.
வந்தால் ஒன்றும் சொல்லமாட்டேன்.
முகரக் கொடுப்பேன்.
இன்னும் நன்றாகவே நாறுகிறது.