வருசப் பிறப்பில் ஒரு ஹயர்

காலி வீதியின் நடுக்கோட்டில்
ஒரு காகம் நடந்து போனது.
ஹோர்ன் அடித்தும் விலகவில்லை.
கொழும்பு ஊருக்குப் போய்விட்டது.
நான் போகவில்லை. லீசிங் பாக்கியோடு
ஹற்றன் ஏற்றம் ஏறாது என் ஆட்டோ.

நொனகதய.
தொடர்மாடிகள் எல்லாம் அடுப்பணைத்துக் கிடந்தன.
முதல்நாள் பாணை வெறுந்தேத்தண்ணியில் நனைத்துத் தின்றிருந்தேன்.
பம்பலப்பிட்டிச் சந்தியில்
நீலத் தலைப்பாகை ஒன்று கை காட்டியது.
திரிலோசன். பியகமவில் மெசின் எஞ்சினியராம்.
"ஆட்டா" என்றார்.
"இதுதான்" என்றேன்.
இல்லையாம், மாவாம். இருபது கிலோ.
இன்று அவர்களுக்குத் திருவிழாவாம்.

வெள்ளவத்தை பூட்டு. கொள்ளுப்பிட்டி பூட்டு.
மருதானையில் நியாஸ் நானாவின் கடை மட்டும்
அரைக்கதவு திறந்திருந்தது.

திருவிழா என்றதும்
தேர் வரும், பலூன்காரன் வருவான்,
நெரிசலில் யாராவது பிள்ளையைத் தொலைப்பார்கள்
என்று நினைத்திருந்தேன்.
பூட்டிய டைல்ஸ் கடைக்கு மேலே வாடகை மண்டபம்.
படிக்கட்டில் நாற்பது சோடிச் செருப்பு,
ஒற்றையாய் ஒரு சின்னச் சிவப்புச் சப்பாத்து.
அவ்வளவுதான் திருவிழா.

மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பினேன்.
விடவில்லை.
என் லேஞ்சியில் என்ஜின் ஒயில் மணத்தது.
ஒரு சிறுமி செம்மஞ்சள் துணியொன்றை
என் தலையில் இறுக்கிக் கட்டினாள்,
காது மடிந்துபோகும்படி.

பாட்டில் ஒரு வரியும் பிடிபடவில்லை.
ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது:
நாம், நாம்.
அவர்கள் மொழியில் அது பெயராம்,
கடவுளுடைய பெயராம். பிறகு சொன்னார்கள்.
பிறகுதானே சொன்னார்கள்.
அதுவரை நான் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தேன்,
பொலிஸ் பதிவிலும் லீசிங் கந்தோரிலும்
"நீங்கள்" ஆகவே இருந்து பழகிய காதுகளால்.

நிலத்தில் வரிசை. எஞ்சினியரும் நானும் ஒரே பாய்.
ரொட்டி கொண்டுவந்தவர்
அதைக் கோப்பையில் வைக்கவில்லை. நின்றார்.
பக்கத்துப் பையன் செய்து காட்டினான்:
இரண்டு கையையும் சேர்த்து ஏந்து.

ஏந்தினேன், கைவிசேஷம் வாங்குகிற மாதிரி.
இந்த வருசம் என் கையில்
முதன்முதல் விழுந்தது அதுதான்.
நெய் கசிந்து சுட்டது.
ஊதினேன். வரிசையே சிரித்தது.

இருபது கோப்பை கழுவியிருப்பேன்.
கீழே வந்தால் மீற்றர் இன்னும் ஓடுகிறது,
வெயிட்டிங் மட்டும் ஆயிரத்தைத் தாண்டி.
திரிலோசன் பார்க்குமுன் பூச்சியமாக்கினேன்.
கொஞ்சம் வயிறெரிந்ததும் உண்மை.
லீசிங்காரனுக்கு ரொட்டி கொடுக்க முடியாதே.

பவளராணி போனில்:
"சாப்பிட்டீங்களா?"
"சாப்பிட்டோம்."
"சாப்பிட்டோமா? யாரு யாரு?"

படிக்கட்டில்
அந்தச் சிவப்புச் சப்பாத்தின் சோடியைத் தேடி
ஒரு குழந்தை
ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது.
"கொஞ்சம் பொறு" என்றேன்,
போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தேன்.